குப்பம்மாள் முழம்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் என் கையிலிருந்த சிவப்பு வெள்ளைக் கம்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, காவடியா?" என்று கேட்டார். காவடியாக இருந்தால் சும்மா ஏற்றிக்கொள்ளலாம், வேறு எதுவாக இருந்தாலும் லக்கேஜ் போட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆமாம் என்று சொல்லக் கூட வந்த மங்கை வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, இடத்தை அளக்கும்போது நட்டுவைத்துக் குறி பார்க்கிற கம்பம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பஸ்ஸுக்குள் பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்குத் தாராளமாக இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு விவரம் போதாதவளாக இருந்தேன்.

அது எழுபதுகளின் கடைசி. நான் சென்னையில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மலேசியாவில் தைப்பிங். அங்கே அப்பாவுக்குத் துணிக்கடை. எனக்கோ கிரேக்கப் பைத்தியம். வகுப்பறை ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டு ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். கூரை இல்லாமல் நிற்கும் தூண்கள், குடங்கள், குடத்தைச் சுற்றி ஓடும் குதிரைகள். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

கிரேக்க, ரோமானியத் தொல்லியல் படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். மதிப்பெண் போதும் என்று பதில் வந்தது. கூடவே ஒரு கொக்கி. ஏதாவதொரு பழைய கட்டுமானத்தை நானே அளந்து, நானே வரைந்த படம் அந்த மாதக் கடைசிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். படம் இல்லாவிட்டால் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் கப்பலேறி ஊருக்குப் போய் அப்பாவின் கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான். நான் உட்கார ஒரு ஸ்டூலைக்கூட வாங்கி வைத்துவிட்டதாக அப்பா எழுதியிருந்தார்.

கோயிலை அளக்கலாம் என்று தேடினால், கண்ணில் பட்ட கோயிலையெல்லாம் யாரோ ஏற்கெனவே அளந்து புத்தகம் போட்டிருந்தார்கள். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு விடுதியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மங்கை வழி சொன்னாள். அவள் என் வகுப்புத் தோழி, ஆலங்காயத்துக்காரி. அவள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில் கல்லால் ஆன குட்டி வீடுகள் இருக்கின்றன, அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த வாலியர் என்ற குள்ள மனிதர்கள் கட்டியவை என்று மலைக்காரர்கள் அவற்றை வாலியர் வூடு என்பார்கள், யாரும் அளந்ததாகத் தெரியவில்லை என்றாள். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடிவைத்த கல்திட்டைகள் அவை. இறந்தவர்களுக்காகக் கட்டியவை. வயதில் என் கிரேக்கத் தூண்களுக்குச் சளைத்தவை அல்ல. மறுநாளே கிளம்பிவிட்டோம்.

பஸ் பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் பெருமூச்சு விட்டு நின்றது. முதலில் ஆண்களை இறங்கச் சொன்னார்கள். நகரவில்லை. பெண்களும் இறங்கினோம். அப்போதும் நகரவில்லை. பிறகு எல்லோருமாகத் தள்ளினோம். தள்ளுகிற குலுக்கலில் கூரை மேலிருந்த பலாப்பழம் ஒன்று உருண்டு விழுந்து நாங்கள் வந்த வழியே கீழே ஓட, அதற்குச் சொந்தக்காரர் அதன் பின்னால் ஓடினார். எங்கள் தைப்பிங்கிலும் ஒரு மலை உண்டு. அங்கே அரசாங்க லேண்ட்ரோவரில்தான் ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டால் போதும். இங்கே தள்ளியும் விட வேண்டும். பலாப்பழக்காரர் திரும்பி வரும்வரை பஸ் காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மங்கையின் அக்கா மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் வீட்டில்தான் தங்கினோம். அன்று சாயங்காலம் சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டார். சாமையை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. பொடிப்பொடியாக இருக்கிறதே, வயிறு எப்படி நிறையும் என்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. தைப்பிங்கில் மழை பெய்தால் தகரக் கூரையில் பேச்சே கேட்காது. இங்கே ஓலைக் கூரைமேல் பெய்த மழை எனக்குத் தெரியவேயில்லை. காலையில் ஈரத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்திட்டைகள் ஊருக்கு வெளியே ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் இருந்தன. பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிலும் ஒன்று, சுவர் சரியாமல், மூடுகல் நகராமல், முன்பக்கப் பலகையில் வட்டமாக வெட்டிய துளையோடு அப்படியே நின்றது. இவ்வளவு நன்றாக யாருக்கு வீடு கட்டினார்கள் என்று தலையைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே மழைக்கு ஒதுங்கியிருந்த ஆட்டுக்குட்டி ஒன்று என் முகத்தில் முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மங்கை சிரித்த சிரிப்பில் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நான் தொல்லியல் மாணவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். ஒரு வணக்கம் சொல்வதற்கு முன்னால், கல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பத்தை நட்டு, தோல் உறையிலிருந்து இரும்பு டேப்பை உருவினேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் கம்பம், பிறகு டேப். மனிதர்களைப் பற்றிப் பாடத்தில் எதுவும் இல்லை.

பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. ஊர்க்கவுண்டர் சின்னையன் என்பவர் முன்னால் வந்து, கம்பத்தைப் பக்குவமாகப் பிடுங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முன்பு ஒரு தடவை இப்படித்தான் ஃபாரஸ்ட்காரர்கள் சிலர் கம்பம் நட்டு டேப் பிடித்தார்களாம். பிறகு எல்லைக்கல் நட்டார்களாம். அதற்குப் பிறகு கல்லுக்கு அந்தப் பக்கம் மாடு போனாலும் கேஸ் என்றார்களாம். பஸ்ஸில் அந்த அம்மாள் ஏன் எழுந்து போனார் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடிப் பேசியது. நான் மலேசியாக்காரி, எந்த அரசாங்கமும் என்னை அனுப்பவில்லை, வாலியர் வீட்டைப் படம் வரைந்தால்தான் மேல்படிப்பு என்று மங்கை எனக்காக வாதாடினாள். மலேசியா என்றதும் ஒரு பெரியவர், அங்கே சாமை விளையுமா என்று கேட்டார். விளையாது என்றேன். பாவம் என்றார். டேப் விஷயத்தில் மட்டும் யாரும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு ஸ்டூலில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது அழுதேவிட்டேன். அது வாதாட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது என்று மங்கை இன்றுவரை சொல்கிறாள்.

சின்னையன், "அந்த டேப்பு மல மேல வெளியில வரக்கூடாது. ஆனா வூட்ட அளக்கறதுக்கு எங்கூர்ல ஒரு மொற கீது. அதும்படி அளந்துக்க" என்றார்.

முறை இதுதான். அந்த ஊரில் புதிதாக வீடு கட்டினால் அளவுகோல் கிடையாது. அதில் அடுப்பு மூட்டப்போகிற பெண்ணின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அவள் கையால்தான் தரையை அளந்து கோடு போடுவார்கள். ஆண் கையால் அளந்த வீட்டில் அவளுக்குப் பரணும் எட்டாது, அடுப்பும் எட்டாது என்று காரணம் சொன்னார்கள். வாலியர் வீட்டுக்கு அடுப்பு மூட்டுகிறவர் யாரும் இல்லையே என்று ஒரு சிக்கல் வந்தது. அது யார் கொல்லையில் இருக்கிறதோ அவள் கையே போதும் என்று தீர்ந்தது. கொல்லை குப்பம்மாளுடையது.

குப்பம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். நான் வந்த பஸ்ஸில் கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்த அதே அம்மாள். அதை நான் சொன்னதும், கம்பு கண்ணில் குத்திவிடும் என்றுதான் எழுந்து போனதாகச் சொல்லிச் சிரித்தார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அவர் வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு, கல்லின் மூலையில் முழங்கையை வைத்து நீட்டினார். "லாபம்" என்றார். மறுகையின் விரலால் அடையாளம் வைத்து, மறுபடி நீட்டி "ரெண்டு" என்றார். தைப்பிங்கில் அப்பா காலையில் முதல் துணியை அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார். அந்தக் கடையிலிருந்து தப்பிப்பதற்காகக் கடல் தாண்டி, மலை ஏறி வந்திருக்கிறேன். இங்கேயும் அதே குரல். வீட்டு நினைவு வந்து சுத்தமாக ஒரு கணக்கை விட்டுவிட்டேன். குப்பம்மாள் அலுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து அளந்தார்.

நீளம், அகலம், உயரம், ஒவ்வொரு பலகையின் கனம், துளையின் குறுக்களவு எல்லாம் முழம், சாண், விரல் என்று என் தாளில் ஏறின. அவர் அளந்தது மட்டுமல்ல, வீட்டைப் பற்றிக் கருத்தும் சொல்லிக்கொண்டே போனார். வாசல் வைத்த திசை நல்லது. கல் தேர்ந்தெடுத்தவன் கைதேர்ந்தவன். ஆனால் உள்ளே அடுப்பு வைத்தால் புகை போக வழியில்லை, இதில் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. இது குடித்தனத்துக்கு அல்ல, இறந்தவர்களுக்கு என்றேன். அப்படியானால் சரி, அவர்களுக்குச் சமையல் வெளியிலிருந்துதானே போகும் என்று ஒப்புக்கொண்டார். மத்தியானம் கேழ்வரகுக் களியும் புளிக்குழம்பும் கொடுத்தார். களியை மென்று தின்று, பல்லில் ஒட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டேன். அப்படியே விழுங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்து செய்து காட்டினார்கள்.

சாயங்காலம் படம் முடிந்தது. என் வாழ்க்கையில் அதுவரை வரைந்ததிலேயே நல்ல படம். ஒரே ஒரு குறை. ஒரு முழம் என்றால் எவ்வளவு என்று இங்கிலாந்துக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? குப்பம்மாள் கையை ஒரு தடவை டேப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"டேப்பு மல மேல வரக்கூடாதுன்னாங்க இல்ல. நானும் இந்த மல தானே" என்றார் குப்பம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சந்தைக்கு புளி எடுத்துனு வர்றேன். கீழ வந்தப்பறம் அளந்துக்க" என்றார்.

சின்னையன் கம்பத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக்கொடுக்க அது தோதாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். எனக்கும் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தெம்பில்லை.

ஆலங்காயம் சந்தை, பசார் என்று நாங்கள் சொல்லும் தைப்பிங் சந்தையைவிடச் சின்னது, சத்தம் மட்டும் இரண்டு பங்கு. புளிக்காரர்கள் உட்காரும் வரிசையில் காலையிலிருந்து காத்திருந்தோம். மலைக்காரர்கள் சிலர் வந்தார்கள். குப்பம்மாள் வரவில்லை. மாலை பஸ்ஸில் வாணியம்பாடி போய் ரயிலைப் பிடித்தால்தான் படத்தைச் சுத்தமாக மை போட்டு, கெடுவுக்குள் சேரும்படி தபாலில் அனுப்ப முடியும். மங்கை பிரியாணி வாங்கி வந்தாள். எனக்கு இறங்கவில்லை. எனக்கே சாப்பாடு இறங்கவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொழம்னா ஒன்றரை அடி. ஊர் ஒலகத்துக்கே தெரியும். போட்டுட்டு பஸ் ஏறு" என்றாள்.

பென்சிலை எடுத்துப் படத்தின் கீழே ஒரு முழம் பதினெட்டு அங்குலம் என்று எழுதினேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் என்னைவிட எவ்வளவு உயரம் என்பதும், கல்மேல் அந்தக் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அவ்வளவு அக்கறையாக மூலைக்கு மூலை முட்டி போட்டு அளந்த கையை, கடைசியில் யாரோ ஒருத்தியின் கையாக்கி அனுப்புவதா? மனசு கேட்கவில்லை. எழுதியதை அழித்தேன். அழித்த கையோடு பயமும் வந்தது. அப்பாவின் ஸ்டூல் கண்ணெதிரே நின்றது.

எங்கள் பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஆள் ஏற்றத் தொடங்கியபோதுதான் புளிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பம்மாள் வேகவேகமாக வந்தார். அன்றும் அதே வளைவில் பஸ் நின்றுபோனதாம். தள்ளிப் பார்த்துவிட்டு, மீதி வழியை நடந்தே வந்திருக்கிறார். ஓடிப்போய்க் கூடையை இறக்கினேன். மங்கை கண்டக்டரிடம் கெஞ்சப் போனாள்.

நான் தோல் உறையைத் திறந்து இரும்பு டேப்பை எடுத்ததும் குப்பம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அது நெலத்த அளக்குறது. நான் இன்னா நெலமா?" என்றார்.

அவர் கண் போன திசையில், துணிக்கடை வாசலில் ஒரு தையல்காரர் மெஷின் போட்டிருந்தார். கழுத்தில் மாலையாகத் துணி டேப். அது மனிதர்களை அளக்கிறது. அதற்கு அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் போய் நின்றோம். ரவிக்கையா என்றார் தையல்காரர். இல்லை, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தால் போதும் என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எங்களை மாறிமாறிப் பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ தைத்திருக்கிறேன், விரல் நுனி வரை கை வைத்து யாரும் கேட்டதில்லை என்றார். ஆனாலும் கடமை தவறாமல், பலகை மேல் கையை வைக்கச் சொல்லி நிதானமாக அளந்தார்.

"பதினெட்டே முக்கா."

முக்கால் அங்குலம். பதினெட்டு என்று போட்டிருந்தால் வாலியர் வீட்டின் நாலு முழ நீளத்தில் கிட்டத்தட்ட நாலு விரல் காணாமல் போயிருக்கும். நான் தாளில் எழுதிக்கொண்டேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

கிளம்பப் போன என்னைக் குப்பம்மாள் விடவில்லை. தையல்காரரின் பலகையைக் காட்டி, "இப்ப நீ நீட்டு" என்றார். நான் நீட்டினேன். என் கைக்குப் பக்கத்தில் தன் கையை, முழங்கையோடு முழங்கை சேர்த்து வைத்தார். என் விரல் நுனிக்கும் தன் விரல் நுனிக்கும் நடுவே மறுகையின் விரல்களைச் செருகிப் பார்த்தார்.

"ரெண்டு வெரல் கம்மி" என்றார். "என் கைய நீ சீமைக்கு எடுத்துனு போற. ஒன் கை எம்மாந்தூரம்னு எனக்குந் தெரியணுமில்ல."

மலை பஸ்ஸில் வந்த கண்டக்டர்தான் அன்று இந்த பஸ்ஸிலும். ஏறியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, காவடி எங்கே என்று கேட்டார். மலையில் செலுத்திவிட்டேன் என்றேன். நல்லது என்று டிக்கெட் கிழித்தார். மங்கை பத்திரமாக வைத்திருந்த பிரியாணியை வாணியம்பாடி போவதற்குள் முடித்தேன்.

படத்தின் கீழே அளவுக்கோடு ஒன்று வரைய வேண்டும். நான் இரண்டு வரைந்தேன். மேலே மீட்டர். அதன் கீழே முழம். வெறும் முழம் என்று எழுதாமல் குப்பம்மாள் முழம் என்று எழுதி, ஊர் எதுவென்று மட்டும் குறிப்பிடாமல் விட்டேன். அது மலை இறங்கும்போது சின்னையனுக்குக் கொடுத்த வாக்கு. இங்கேயும் அதனால்தான் எழுதவில்லை. இங்கிலாந்திலிருந்து பதில் வந்தபோது அதில் இரண்டே விஷயம் இருந்தது. இடம் உண்டு என்பது ஒன்று. குப்பம்மாள் யார், நேரில் வந்து சொல்லவும் என்பது மற்றொன்று. அப்பா அந்த ஸ்டூலைத் தனக்கே வைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் கிரேக்கத் தீவு ஒன்றில், ஸ்லைடில் பார்த்த தூண்களுக்கு நடுவே நிஜமாகவே நின்றேன். வெயில் நம்மூர் வெயில்தான், சாப்பாட்டில் காரம்தான் இல்லை. அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் அடிக் கணக்கில் அளந்திருக்கிறார்கள். யாருடைய அடி, எவ்வளவு நீளம் என்பதுதான் பேராசிரியர்களுக்குள் தீராத சண்டை. எங்கள் பேராசிரியர் கல் கல்லாக அளந்து, வகுத்து, அந்தக் காணாமல் போன ஒருவனின் பாதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெயரை எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் டேப்பை முகாமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். திரும்பிப் போய் எடுத்துவர யாருக்கும் மனசில்லை. விழுந்து கிடந்த தூண் கல் ஒன்றின் தோராயமான அளவு வேண்டும் என்றார் பேராசிரியர். நான் மண்டி போட்டு, கல்லின் விளிம்பில் முழங்கையை வைத்து நீட்டினேன். லாபம் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விரல் நுனியோடு அடையாளம் வைக்கவில்லை. அதற்கு மேல் இரண்டு விரல் சேர்த்து வைத்துவிட்டு, ரெண்டு என்று கையை நகர்த்தினேன்.